புள்ளி வைத்த பூக்களம்

வியாழன், பூராடம். ஓணத்துக்கு இன்னும் இரண்டு நாள்.

அலுவலக ஓணப் போட்டிக்கு, பூ இதழ்களால் நிரப்பும் பூக்களம் வரையும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அம்மாவிடம் பார்த்த பழக்கத்தில் தரையில் புள்ளி வைத்துத் தொடங்கினேன். பக்கத்து இருக்கை சந்தீப் அதைக் காலாலேயே அழித்தான்.

"எடா பாண்டி, இது பூக்களமாணு. நின்றெ கோலம் வீட்டில் இட்டால் மதி."

தமிழன் என்றால் அவர்களுக்கு இளக்காரமாய்ப் 'பாண்டி'; என் கோலத்தை வீட்டில் போட்டால் போதுமாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். நூல் பிடித்து வட்டம் போட்டுக் கொடுத்தேன். முதல் பரிசு எங்களுக்குத்தான்.

தமிழர்கள் நிறைந்த சாலைக் கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்கு வந்தால், நாளைய பூக்களத்துக்கு அம்மா வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"பூக்களத்துக்கு எவனாவது புள்ளி வைப்பானா?" என்று கத்தினேன்.

"முப்பது ஓணமா வைக்கேன். எதிர்வீட்டுச் சேச்சிக்கும் நாந்தானல சொல்லிக்கொடுத்தேன். இன்னிக்கு ஒனக்கு என்ன வந்துச்சு?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் அழித்தாள். சந்தீப் காலால் அழித்தது தேவலை.