பழைய ரப்பர் உடுப்பு

மார்ச் 4

இந்த நோட்டைக் கொடுத்தது ஆஸ்பத்திரி நர்ஸ். தினமும் எடை எவ்வளவு, எவ்வளவு தூரம் நடந்தேன், என்ன சாப்பிட்டேன் என்று எழுத வேண்டுமாம். கொடுக்கும்போதே, "பாட்டி, எழுதத் தெரியும்ல?" என்றாள்.

தெரியும். மூன்றாம் வகுப்பு வரை போனேன். அதற்கு மேல் நான் போக வேண்டிய பள்ளிக்கூடத்துக்குத் தம்பி போனான். நான் கடலில் மூழ்கிச் சங்கெடுத்து அவனைப் படிக்க வைத்தேன். இப்போது அவன் பூசான் நகரத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார். எனக்கு மார்பை எடுத்தபோது ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பினான். வீட்டுக்கு வீடு ஆரஞ்சு காய்க்கிற இந்த ஜேஜுத் தீவுக்கு ஆரஞ்சு! இங்கே நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

எடை: 71.5. கத்தி வைப்பதற்கு முன் 60.
நடை: அலைத்தடுப்புச் சுவரின் முனை வரை. இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.
சாப்பிட்டது: சோறு, முள்ளங்கி, வயிற்றெரிச்சல்.

மார்ச் 5

71.5. மழை. நடக்கவில்லை.

மார்ச் 8

கடைக்காரி இன்றைக்கு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நோய் வந்தவங்க மாதிரியே இல்லியே பெரியம்மா, நல்லா பூசுனாப்ல இருக்கீங்க" என்றாள். பூசினாற்போலவாம். ஊசி போட்டு ஊதின உடம்பு இது. மாத்திரை ஊதினது கொஞ்சம், மகள் யூன்மி வாயில் திணித்தது கொஞ்சம். புற்று வந்தால் இளைப்பார்கள் என்று ஊரே சொல்கிறது. எனக்கு அந்த லாபம்கூட இல்லை.

இடப்பக்கம் இஸ்திரி போட்டதுபோல் தட்டை. அதற்குக் கீழே வயிறு. இடது கை தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. விரல்களால் நண்டு மாதிரிச் சுவரில் ஏற வேண்டும் என்று நர்ஸ் காட்டிக் கொடுத்தாள். ஏறினேன். ஏறிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். என் மூக்குக்கு நேரே நிற்கிறது கோடு. வெட்கக்கேடு.

மார்ச் 10

கோ ஓக்வா வந்தாள். எங்கள் ஊர் முக்குளிக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. வாசலில் நின்றபடியே பேசினாள். நான் உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, இருபதாந்தேதி ரப்பர் உடுப்புக்கு அளவெடுக்க ஆளு வர்றான். குடுத்துருங்க."

"எங்கிட்ட உடுப்பு இருக்கு."

"அந்தப் பழசா? அது இப்ப உங்க ஒரு தொடைக்குப் பத்துமா?"

"நீ எந்தொடைய ஏன்டி பாக்குற?"

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "போன அக்டோபர் சங்குக்குக் கடல் தெறந்தப்ப நீங்க தண்ணியில இறங்கல. இந்த அக்டோபரும் இறங்கலன்னா பேரு சங்கத்துப் பட்டியல்ல இருக்காது. நா எழுதின சட்டம் இல்ல" என்றாள். போகும்போது, "பாட்டிமாரு கடல்னு ஒண்ணு இருக்குக்கா, யோசிங்க" என்றாள்.

பாட்டிமார் கடல் என்பது இடுப்பளவு, தலையளவுத் தண்ணீர். எழுபத்தைந்து தாண்டிய கிழவிகளுக்கென்று ஒதுக்கியது. எனக்கு அறுபத்தொன்பது. ஆழக்கடலில் முதல் வரிசைக்காரி நான். கரையில் நாங்கள் உடுப்பு மாற்றும் கொட்டகையில் நெருப்பைச் சுற்றி உட்காரும்போது காற்றுப் படாத இடம் என்னுடையது. ஒரு வருடமாக அங்கே யார் உட்காருகிறாள்? ஓக்வா.

அவளைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். 1984, ஏப்ரல், அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். பாறை இடுக்கில் என் உள்ளங்கையைவிடப் பெரிய ஜொன்போக். பாறையோடு ஒட்டிக் கிடக்கும் அந்தச் சிப்பியை நெம்பிப் பெயர்ப்பதற்குள் மூச்சு முடிந்துவிட்டது. அப்படியானால் என்ன செய்வோம்? இடுப்பில் வைத்திருக்கும் காலிச் சிப்பி ஓட்டை எடுத்து, பளபளக்கும் பக்கம் மேலே தெரிய, அதன் பக்கத்தில் அடையாளமாக வைத்துவிட்டு மூச்சுக்கு மேலே வருவோம். ஓடு வைத்தவளுக்குத்தான் ஜொன்போக். மறுபடி போய்ப் பார்த்தால் ஓடு இருக்கிறது, ஜொன்போக் இல்லை. அது ஓக்வாவின் வலையில் கிடந்தது.

"ஓடு தெரியல அக்கா" என்றாள்.

தெரியலயாம்! கலங்காத தண்ணீர். உச்சி வெயில். நாற்பது வருடமாகிறது. தெரியலயாம்.

மார்ச் 20

அளவெடுக்கிறவன் வந்தான். நான் ஊருக்குப் பின்னால் இருக்கிற குன்றில் ஏறிவிட்டேன். அவன் டேப்பை முதலில் மார்பில்தான் சுற்றுவான். குன்றைச் சுற்றி அளந்துகொள்ளட்டும்.

70.8.

ஏப்ரல் 6

யூன்மி நகரத்திலிருந்து வந்தாள். பன்றி விலா கொண்டுவந்து அவளே வதக்கினாள். நான் தொடவில்லை. பார்லிச் சோறும் கடற்பாசியும் தின்றேன்.

"மறுபடி கடலாம்மா? உனக்கென்ன கிறுக்கா? நாலு கீமோ ஒடம்பும்மா இது!"

"ஒடம்பு என்னோடது."

"பட்டியல்ல பேரு போனா போகட்டும். எங்ககூட வந்து இரு. சொயூனுக்கும் பாட்டி இருந்த மாதிரி இருக்கும்."

பேத்திக்குப் பாட்டி வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஆள் வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்து என்ன செய்வேன்? இந்தப் பேர் ஒன்றுதான் நானாகச் சம்பாதித்தது. வீடு புருஷனுடையது. பூண்டு வயல் மாமனாருடையது. மல்சூன் என்கிற பேர்கூட, இதோடு பெண் போதும் என்று அப்பன் சலித்துக்கொண்டு வைத்தது. ஆனால் சங்கத்துப் பட்டியலில் ஹியோன் மல்சூன் என்று இருப்பது நான் மூச்சடக்கி வாங்கினது. அதை அடிக்க விடுவேனா?

சுவரில் கோடு: நெற்றி.

ஏப்ரல் 27

69.2. குன்றின் பாதி வரை. மூச்சு வாங்கியது. யாரும் பார்க்கவில்லை.

மே 16

பூண்டு பிடுங்கினேன். கை முள்ளங்கி மாதிரி வீங்கிவிட்டது. நர்ஸ் போனில் திட்டினாள். "அந்தக் கையால கனம் தூக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?" நான்கு தடவை. தேதி வாரியாகச் சொன்னேன்.

பத்து நாள் சுவர் ஏறக் கூடாதாம்.

ஜூன் 11

எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

இன்று காலை எடை 66. அந்தத் திமிரில் பழைய உடுப்பை எடுத்தேன். குளியலறையில் சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கால்சட்டையை ஏற்றினேன். ஏறிவிட்டது! சரி என்று மேல்சட்டையைத் தலைவழியாக மாட்டினேன். வலது கை போயிற்று. இடது கை முழங்கையோடு நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. தலை உள்ளே மாட்டிக்கொண்டது. கண்ணெல்லாம் கறுப்பு ரப்பர். கடலுக்கு அடியில் ஐம்பது வருடம் மூச்சடக்கினவள் குளியலறைத் தரையில் மூச்சுக்கு அலைந்தேன். எவ்வளவு நேரமோ. கை மரத்துப் போயிற்று. அழுதேனா? அழுதிருப்பேன். ரப்பருக்குள் யாருக்குத் தெரியும்.

வாசலில் சத்தம். "அக்கா? சூப்பு கொண்டாந்தேன்."

ஓக்வா. போயும் போயும் அவள்!

பேசாமல் செத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வாய் கத்திவிட்டது.

வந்தாள். இழுத்துப் பார்த்தாள். "அசையாதீங்க, வெட்டப்போறேன்" என்றாள். "வெட்டாதடி!" என்றேன். வெட்டினாள். கையிலிருந்து விலா வரை கத்திரிக்கோல் குளிர்ச்சியாக ஓடியது. உடுப்பு பிளந்து விழுந்தது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டாக்டரும் யூன்மியும் தவிர யாரும் பார்க்காததை அவள் பார்த்தாள். ஒரு கண நேரம்தான். பிறகு துண்டை எடுத்துப் போர்த்தினாள்.

"பாத்துட்டல்ல? போ, போயி சொல்லு."

"சூப்பு ஆறிரும்" என்றாள்.

"இத குப்பையில போட்டுர்றேன்" என்று உடுப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உடுப்பு இல்லை. அளவும் கொடுக்கவில்லை. என் திமிரே என்னைக் கெடுத்தது. ஆனால் அவள்மேல் இருக்கிற கோபத்தில் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

சூப்பைக் குடித்தேன். உப்புக் குறைவு.

ஜூன் 13

என் வலையை எடுத்துவரும் சாக்கில் கொட்டகைக்குப் போனேன். எல்லாரும் சிரிப்பார்கள் என்று தயாராகவே போனேன். யாரும் சிரிக்கவில்லை. "அக்கா வாங்க, எளச்சிட்டீங்களே" என்றார்கள். ஓக்வா நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

சொல்லவில்லையா? ஏன்? பெரிய விருந்துக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள்.

ஜூலை 9

64.4. குன்றின் உச்சி. பிறகு பேசினில் தண்ணீர் நிரப்பி முகத்தை வைத்து மூச்சடக்கினேன். முன்பு நூறு எண்ணினால்தான் மேலே வருவேன். இன்று முப்பத்தாறு. உடுப்பே இல்லாதவள் எதற்கு எண்ணுகிறேன்? தெரியவில்லை. எண்ணினேன்.

ஜூலை 30

இன்னும் சொல்லவில்லை அவள்.

ஆகஸ்ட் 31

மூதாதையர் கல்லறையில் புல் வெட்ட எல்லாரும் வந்தார்கள். சொயூன் என் சட்டையைத் தொட்டு, "பாட்டி, இந்தப் பக்கம் எங்க?" என்றாள். யூன்மி பிள்ளையின் கையைத் தட்டிவிட்டாள். "மீனு தின்னுருச்சு" என்றேன். "வலிச்சுதா?" என்றாள். ஒன்றரை வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாரும் ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்றுதான் கேட்டார்கள்.

62.7. கோடு: தலைக்கு மேல் ஒரு சாண்.

செப்டம்பர் 12

சங்கக் கூட்டம். ஓக்வா பட்டியலைப் படித்தாள். என் பெயர் வந்ததும் சங்கத்து ஆள் பேனாவைத் திறந்தான்.

"இவங்க பேரை எடுத்துரலாமா?"

"அக்டோபரே இன்னும் வரல. பேனாவ மூடு" என்றாள் ஓக்வா. "ஹியோன் மல்சூன். பாட்டிமாரு கடல்."

எழுந்துவிட்டேன். "எவடி பாட்டி? எனக்கு அறுபத்தொம்பது!"

"கைய தூக்குங்க பாப்போம்."

தூக்கினேன். காதைத் தொட்டது. ஆறு மாதம் சுவரில் ஏறிய கை!

"அப்படியே வச்சிருங்க."

வைத்திருந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். அறுபது எண்ணியிருப்பேன், நடுங்க ஆரம்பித்துவிட்டது. எவளோ ஒருத்தி "போதும் விடு ஓக்வா" என்றாள். ஓக்வா விடவில்லை.

"ஆழத்துல இந்தக் கை நடுங்குனா யாரு வந்து தூக்குறது? நா தூக்குவேன். அப்ப நானும் சாவேன். பாட்டிமாரு கடல். எழுதியாச்சு."

பிறகு, அத்தனை பேருக்கு முன்னால், கண்ணைப் பார்த்துக் கேட்டாள்: "உடுப்பு இருக்கா அக்கா?"

வெட்டினவளே கேட்கிறாள்!

"இருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 13

61.9. சாப்பிடவில்லை.

செப்டம்பர் 29

வாசல் மூங்கிலில் ஒரு பை தொங்கியது. உள்ளே என் உடுப்பு.

முதலில் குப்பையைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். விரித்துப் பார்த்தேன். வெட்டின இடம் ஒட்டியிருந்தது. இடது கைக்கு நீளமாக ஒரு பட்டை வைத்து அகலமாக்கியிருந்தாள். இடது மார்பில் ரப்பரைக் குறைத்து இழுத்து, தழும்பு படும் இடத்தில் உள்பக்கமாக மெத்தென்று ஒரு துண்டு வைத்து ஒட்டியிருந்தாள். அவளுடைய பழைய உடுப்பை வெட்டின துண்டு. காலர் பக்கத்து மஞ்சள் கோடு எனக்குத் தெரியாதா?

போட்டுப் பார்த்தேன். கை வழுக்கிக்கொண்டு போயிற்று. இடப்பக்கம் என் பள்ளத்தில் அப்படியே படிந்தது. விரல் நுழைய இடமில்லை. வெற்றிடம் இருந்திருந்தால் அங்கே பனித்தண்ணீர் தேங்கிக் கொன்றிருக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை. முன்னாடி இருந்த உடம்புக்குத்தான் நான் இளைத்துக்கொண்டிருந்தேன்.

அளவுக்காரனுக்கு டேப் வேண்டும். இவளுக்கு ஒரு பார்வை போதும். அடுத்தவள் பொருளை எட்ட நின்று அளக்கிற கண் அவளுக்கு 1984-லேயே உண்டு.

நன்றி சொல்லப் போகவில்லை.

அக்டோபர் 1

எங்களை ஏற்றிவந்த வண்டி பாட்டிமார் கடல் கரையில் முதலில் நின்றது. ஆழத்துக்குப் போகிறவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். நான் இறங்கினேன். என்னோடு இறங்கியவர்களில் ஒருத்திக்கு எண்பத்திரண்டு, ஒருத்திக்குக் காது கேட்காது. இந்த வரிசையில் நான்.

பின்னால் இன்னொருத்தி குதித்தாள். ஓக்வா.

"நீ ஏன்டி எறங்குற?"

"தலைவி எங்க வேணா எறங்குவா."

சங்குக்குக் கடல் திறக்கிற முதல் நாள். யாரும் ஆழத்தை விடமாட்டார்கள். அவள் விட்டாள். என்னைக் காவல் காக்கிறாளாம்! எரிச்சலில் நான்தான் முதலில் தண்ணீரில் விழுந்தேன்.

இடப்பக்கம் குளிரவில்லை. மேலே வந்து மூச்சை விட்டபோது முக்குளிக்கிறவளுக்கே உரிய பழைய விசில் வந்தது. ஒன்றரை வருடத்துக்கு மேலாக என் வாயில் இல்லாத விசில். காது கேட்காத கிழவிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

ஏழாவது முழுக்கில் ஒரு ஜொன்போக். உள்ளங்கை அளவு. நெம்புகிற கம்பியை நுழைப்பதற்குள் மூச்சு முடிந்துவிட்டது. ஓடு வைத்துவிட்டு மேலே வந்தேன். ஓக்வாவின் மிதவை பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் மேலே இல்லை. இந்தத் தடவையும் எடுத்திருந்தால் அவளை அங்கேயே புதைப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் மறுபடி மூழ்கினேன்.

ஓடு இருந்தது. ஜொன்போக்கும் இருந்தது. ஒரு கை தூரத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள் ஓக்வா. என்னைப் பார்த்தாள். தொடவில்லை. நான் பெயர்த்தெடுக்கும்வரை மூச்சடக்கியே நின்றாள்.

சேர்ந்து மேலே வந்தோம். அவளுக்கு மூச்சு இரைத்தது.

"இந்தத் தடவ ஓடு தெரிஞ்சுது அக்கா" என்றாள்.

ஜொன்போக்கை என் வலையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினேன்.

எடை: பார்க்கவில்லை.
நடை: இல்லை.
சாப்பிட்டது: அரை ஜொன்போக். மீதி அரை யார் வாய்க்குப் போயிற்று என்பது நர்ஸுக்குத் தேவையில்லை. 1984-ல் அவள் தின்றது முழுசு. அதையும் எழுதி வைக்கிறேன்.