சூடு போட்ட பிரேக் லீவர்

மே 4, ஞாயிறு
பூசைக்குக் கிளம்பும் முன்பே வெயில். அக்கா ஸ்கூட்டரில் சாகசம். விழுந்தது நான், வளைந்தது முன் பிரேக் லீவர். அலுமினியக் கலவை. அக்கா வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடை குமுளியில். தினமும் இதில்தான் மலை ஏறி இறங்குகிறாள். தெரிந்தால் நான் காலி.
வைத்தியம்: கழற்று, சோப்பு தடவு, கேஸ் அடுப்பில் காட்டு. சோப்பு கறுத்ததும் நிமிர்த்து. சொன்ன பேச்சு கேட்டது. மாட்டியாச்சு.
அம்மா: “அடுப்படியில என்னடா சோப்பு வாசம்?”
“சட்டி கழுவுனேம்மா.”
நம்பவில்லை. அப்படியொரு சம்பவம் வீட்டுச் சரித்திரத்திலேயே கிடையாது.

மே 7, புதன்
கொடி கட்டி மீந்த அலுமினியக் கம்பி, ஒரே அளவுத் துண்டுகள். முறியும் வரை மடக்கி எண்ணினேன்.
சூ.போ. (சூடு போட்டது) – 19
சூ.இ. (சூடு இல்லாதது) – 8
சூடுபட்டதுதான் தாக்குப்பிடிக்கிறது. கணக்கு சாரிடம் தினமும் சூடு வாங்கும் எனக்கு நூறு வயசு.

மே 10, சனி
ஒரு சந்தேகம். லீவரை யாரும் மடக்குவதில்லையே, லேசாகத்தானே அமுக்குவோம்? கம்பியை மேசை விளிம்பில் நீட்டி, நுனியில் பூட்டு தொங்கவிட்டு, தட்டித் தட்டி ஆட்டினேன். சூ.போ. தலை தொங்கி, விளிம்போரம் அறுந்தது. சூ.இ. இன்னும் ஆடுகிறது. அப்படியானால், சூடு போட்டு இளகிய லீவரும் அறும்.

மே 11, ஞாயிறு
அக்காவிடம் சொன்னேன், லீவர் உடையும் என்று. ஏன் என்று சொல்லவில்லை.
“போலே. ஸ்பூன முறிச்சிட்டு கண்ணுல சக்தி இருக்குன்னவன்தான நீ? அப்பா நேத்துகூடச் சொன்னாக, இவன் பேச்ச நம்பாதன்னு.”
முன்கூட்டியே ஏழு தடவை மடக்கி வைத்த ஸ்பூன் அது. இப்போது எனக்கே வினை.

மே 12, திங்கள்
மலைப் பக்கம் மேகம். ஏழரை மணி. அக்காவின் கண்மையை லீவரில் தேய்த்துத் துடைத்தேன். எல்லாம் சுத்தம். போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் முடி போல ஒரு கறுப்புக் கோடு. வெடிப்புக்குள் மை தங்கிவிட்டது.
“ஏலே, என் மைய எடுத்தியா?”
“இங்கன பாருக்கா.”
“நீயே கோடு போட்டுட்டு வெடிப்புங்கிறியா? சாவியக் குடு.”
முன்பே எடுத்து வைத்திருந்த சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். எல்லாம் சொன்னேன், விழுந்ததிலிருந்து சோப்பு வரை. சிரிக்காமல்.
அவளே லீவரை அமுக்கினாள். விட்டாள். அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். கையோடு வந்துவிட்டது.
“எத்தன நாளு இதுல போயிருக்கேன்?”
“ஆறு.”
உடைந்த துண்டை என் கையில் வைத்தாள். “இதையும் எண்ணுனியா? நோட்டுல எழுதிக்க.”
பஸ்ஸுக்கு நடந்தாள்.
எண்ணினேன். அவள் அமுக்கியது 14 தடவை.