பன்னிரண்டாம் பக்கத்துக்கு மேலே

03.03.2024, ஞாயிறு

லக்ஷிகா காலையிலிருந்து ஒரு புத்தகத்தோடு கிடக்கிறாள். ‘கடைசி வாங்கு’. அட்டையில் ‘இளையோர் நாவல்’ என்று போட்டிருக்கிறது. பிள்ளைக் கதையும் இல்லை, பெரியவர்கள் வாசிப்பதும் இல்லை. அப்படி ஒரு புது வகையாம். பதினாறு வயதில் நான் சங்கப் பாடல்களுக்கு உரை எழுதிப் பார்த்தவன் என்று மகளிடம் சொன்னேன்.

“அதான்ப்பா உங்களுக்கு ஃப்ரெண்ட்ஸே இல்ல.”

அடுப்படியில் நிரஞ்சலா சிரித்தாள். என் மனைவிக்குச் சிரிப்பதற்கு நான்தான் கிடைக்கிறேன்.

எழுதியவள் இரத்தோட்டைக்காரி, ஸில்மியா. எங்கேயோ பார்த்த பெயர்.

05.03, செவ்வாய்

எங்கே என்று தெரிந்துவிட்டது. எனக்கு ஆறு வருடம் இளையவன் சுந்தரலிங்கம். எங்கள் அலுவலகத்தில் எனக்கு வரவேண்டிய மேலதிகாரிக் கதிரையில் இருந்துகொண்டு, “ஸ்ரீ அண்ணன், இந்த முறையும் நாவல் போட்டிக்கு நீங்கதான் நடுவர்” என்றான். இரண்டு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் நாற்பத்தொரு கையெழுத்துப் பிரதிகளை என் மேசையில் இறக்கினான். தலைமை நடுவர் பதவியை மட்டும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். அவன்மேல் இருந்த கோபத்தில் அவ்வளவையும் இரண்டே பின்னேரத்தில் தள்ளிவிட்டேன். பன்னிரண்டு பக்கம் பார்ப்பது, சிவப்பு மையால் நாலு சுழி, அடுத்தது.

அந்தக் கட்டுக்குள் ஸில்மியாவும் இருந்தாள்.

08.03, வெள்ளி

லக்ஷிகா டியூஷனுக்குப் போன நேரம் புத்தகத்தை எடுத்தேன். களவெடுப்பதுபோல.

“வாப்பா மௌத்தாகி நாலாம் நாள் நான் ஸ்கூலுக்குப் போனேன்.” இதுதான் முதல் வசனம். ‘மௌத்தாகி’யைச் சுழித்து, மேலே ‘காலமாகி’ என்று எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்தில், ‘தூய தமிழில் எழுதுக.’ அதன் கீழே, கையெழுத்துக்குப் பதிலாக நான் போடும் நெளிகோடு.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தமிழாசிரியர் வருகிறார். ‘எனது தந்தை’ என்று கட்டுரை எழுதச் சொல்கிறார். அந்தப் பிள்ளை அம்றா, அதே வசனத்தை எழுதுகிறாள். அவர் அதே சொல்லைச் சுழித்து ‘காலமாகி’ என்று திருத்துகிறார். அம்றா கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறாள்: “காலமானது யாரோ ஒருத்தர். மௌத்தானது என்ட வாப்பா.” பிறகு வகுப்பின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். வருடம் முழுவதும் ஒன்றும் எழுதுவதில்லை.

அந்த ஆசிரியர் வரும் பக்கம்வரை நான் போகவே இல்லை. போகாமலே அவராக இருந்திருக்கிறேன்.

09.03, சனி

முடித்தேன். கடைசியில் புத்திமதி இல்லை. அம்றாவுக்கு எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஐம்பத்திரண்டு வயது — வெட்கம்.

16.03, சனி

மாத்தளையில் வாசிப்பு வட்டம். ஸில்மியா வருகிறாள் என்று லக்ஷிகா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தலையிடி என்று சொல்லியிருக்கலாம். ஏன் போனேன்? அந்த நடுவர் நான்தான் என்று யாருக்கும் தெரியாது என்ற தைரியம்தான்.

முப்பது பிள்ளைகள் இருக்கும். “எங்க வீட்டுல பேசுறமாதிரியே இருக்கு. புத்தகத்துல இப்படி எழுதலாம்னே தெரியாது” என்றாள் ஒரு பிள்ளை. அந்த ஆசிரியர் நிஜமா என்று இன்னொருவன் கேட்டான். ஸில்மியா பையிலிருந்து சிவப்புச் சுழி போட்ட பழைய தாள் ஒன்றை எடுத்தாள்.

“ஆசிரியர் கற்பனைதான். ஆனா போட்டிக்கு அனுப்பினா, நிஜமாவே ஒருத்தர் வந்துட்டாரு. நாலு மாசம் நான் பேனையே தொடல்ல.”

தாள் கைமாறிக் கைமாறிப் போனது.

“அந்த சேரை தூய தமிழ்லயே திட்டுவமா?” என்றான் ஒருவன். அவ்வளவு பேரும் சிரித்தார்கள்.

லக்ஷிகா சிரிக்கவில்லை. தாள் அவள் கையில் இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் திருத்திய அவள் கொப்பிகளில் விழுந்த அதே நெளிகோடு.

வீடு திரும்பும் நாலந்தா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பலாபத்வெல தாண்டியபிறகு கேட்டாள்: “முழுசா வாசிச்சீங்களாப்பா, அப்ப?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. “இல்லை.”



19.03

மகள் பேசுவதில்லை. பேசினாலாவது திருப்பிச் சண்டை பிடிக்கலாம்.

23.03, சனி

இரத்தோட்டைக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் போட்டோகொப்பிக் கடையில்தான் ஸில்மியா வேலை செய்கிறாள். முன்னால் நின்ற இரண்டு பேர் போகும்வரை பேனை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு நின்றேன்.

“அந்தச் சிவப்பு மை என்னுடையது.”

மெஷினை நிறுத்தினாள். “லக்ஷிகாட அப்பாதானே நீங்க? மாத்தளைல பாத்தேன்.”

“ஓம். பன்னிரண்டு பக்கத்துக்குமேல் வாசிக்கவில்லை. வேறொருவன்மேல் இருந்த கோபம்...”

“அந்தாள் யாருன்னு எனக்கு வேணாம் சேர்.”

பிடரியில் அடித்ததுபோல இருந்தது. இருபது வருடமாக நான் சுமக்கிற சுந்தரலிங்கம் அவளுக்கு வேண்டவே வேண்டாம். மன்னிப்புக் கேட்டேன். அவள் மெஷினில் இருந்த தாள்களை அடுக்கினாள்.

“இந்த வருசமும் நீங்களா?”

“கேட்டிருக்கிறார்கள்.”

“இந்த வருசமும் பிள்ளைங்க அனுப்புவாங்க. முழுசா வாசிங்க.”

வாங்கிய பேனையின் மிச்சக்காசைத் தந்தாள். வெளியே வந்துதான் பார்த்தேன் — நான் கேட்டு வாங்கியது சிவப்பு.

வீட்டுக்கு வந்து லக்ஷிகாவிடம் போனதைச் சொன்னேன். தலையாட்டினாள், அவ்வளவுதான்.

31.03, ஞாயிறு

என் மேசையில் ஒரு கொப்பி. லக்ஷிகாவின் எழுத்து. இவள் கதை எழுதுகிறாள் என்பதே எனக்குத் தெரியாது. அட்டையில் பென்சிலால்: “வாசிக்க மட்டும்.”

பத்தொன்பது பக்கம். மூன்று இடத்தில் ஒற்றுப்பிழை. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

பதின்மூன்றாம் பக்கத்தில் ஒரு அப்பா வருகிறார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. நிறுத்தாமல் வாசித்தேன்.