மணிக் கயிறும் சின்ன முதலாளியும்

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுத வைப்பது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் குடியிருக்கும் சின்ன முதலாளியும் ஆக மூன்று பேரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நேற்று போனில் கேட்டுக்கொண்ட பிறகுதான் இந்தக் காகிதத்தை எடுத்தோம். கையெழுத்து வழக்கம்போல் மாடி வீட்டு நர்சம்மாவுடையது. முப்பது வருஷம் பிரசவ வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர், நான் சொல்வதை அப்படியே எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், என்னைத் திட்டுகிற இடங்களை மட்டும் கொஞ்சம் கூட்டி எழுதினாலும் எழுதுவார்.

வீட்டு விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. குழாய்க்காரர் மூன்றாம் தடவையாக வந்து சமையலறைக் குழாயைச் சரி செய்துவிட்டுப் போனார், அன்று முதல் குளியலறைக் குழாய் சொட்டுகிறது. உன் அண்ணன் உடம்பைக் குறைக்கிறேன் என்று காலையில் ஓடப் போகிறான், ஓடிவிட்டு வந்து இரண்டு பங்கு சாப்பிடுகிறான். அம்மா பேரப்பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி பின்னி முடித்துவிட்டாள், என் தலையில் வைத்துப் பார்த்தேன், எனக்கே கொஞ்சம் பெரிது. சொன்னால் சண்டைக்கு வருகிறாள், வளருமாம் பிள்ளை.

சரி, புதன்கிழமைக் கதைக்கு வருகிறேன். பாதி உனக்குத் தெரியும், மீதிப் பாதி இங்கே நடந்தது. அன்று மத்தியானம் போன் செய்து, அப்பா, காலையிலிருந்து பிள்ளை எப்போதும் போல இல்லை, சும்மாவே இருக்கிறது என்றாய். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் பெரிய மனிதன் மாதிரி, எட்டு மாசம் முடிந்தால் உள்ளே இடம் போதாது, அசைவு குறையத்தான் செய்யும், இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுப் படுத்துத் தூங்கு, சாயங்காலம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் நர்சம்மா கடிதம் எழுத இறங்கி வந்தார், நானும் பெருமையாக, உனக்குச் சொன்ன அதே புத்திமதியைக் கடிதத்திலும் எழுதச் சொன்னேன். அவர் எழுதவில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"இதை உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றார்.

எனக்குத்தான் எதுவும் மறக்காதே. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், சலவை ஆலையில், ஒரு மழை நாள் டீ நேரத்தில், இஸ்திரிப் பகுதியில் இருந்த நெட்டையன் சொன்னது, அவன் அப்போது இடது கையில் கிளாஸ் பிடித்திருந்தான் என்பது வரைக்கும் சொன்னேன். சொல்லும்போதுதான் அந்த நெட்டையனுக்குக் கடைசி வரை கல்யாணமே ஆகவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. எழுத்துத் தெரியாதவன் காதில் விழுந்ததையெல்லாம் பத்திரமாகச் சேர்த்து வைப்பான், அதில் எது சொத்தை என்று பிரித்துப் பார்க்க மாட்டான், அதுதான் நான் செய்த தப்பு.

நர்சம்மா என்னைத் திட்டுவதை அப்புறத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, போனைப் போடுங்க என்றார். நீ நான் சொன்னபடி படுத்திருந்தாய். ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று அவர் கேட்டதற்கு, போன வாரமும் இப்படித்தான் போனேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள், மறுபடியும் போய் நின்றால் சிரிப்பார்கள், வெட்கமாக இருக்கிறது என்றாய். கடைசி மாசமானாலும் அசைவு குறையக் கூடாது, உதைக்கிற விதம் வேண்டுமானால் மாறும், எத்தனை தடவை என்று ஊருக்கெல்லாம் ஒரு கணக்குக் கிடையாது, உன் பிள்ளையின் வழக்கம் உனக்குத்தான் தெரியும் என்று அவர் விளக்கினார். கடைசியில் சொன்னது மட்டும் எனக்கு அப்படியே காதில் நிற்கிறது.

"நீ யாருக்கும் தொந்தரவு இல்லம்மா. இனிப்பும் வேணாம் தூக்கமும் வேணாம், இப்பவே கிளம்பு."

நீ போய்ச் சேர்ந்து, அவர்கள் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்க்க வயிற்றில் பட்டை கட்டி, மாப்பிள்ளை போன் செய்யும் வரை இரண்டு மணி நேரம். அம்மா கடையிலிருந்து வந்து விஷயம் கேட்டு, உங்களுக்கு வயிறு வலித்தாலே என்னைக் கேட்கிறவர், பிள்ளை இருக்கிற வயிற்றுக்கு யோசனை சொல்லக் கிளம்பிவிட்டீர்களா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுத் தொப்பியைப் பிரித்துத் திரும்பப் பின்ன ஆரம்பித்தாள். நான் மாடிப்படி ஏறி இறங்கினேன். பதினாறு படி. அப்புறம் மாப்பிள்ளை கூப்பிட்டு, இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது, சின்ன முதலாளி அந்தப் பட்டையையே உதைத்தார் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

உனக்குத் தெரியும், நான் இருபத்தெட்டு வருஷம் அந்த ஆலையில் பாய்லர் பார்த்தவன். மீட்டர் முள்ளும் எண்ணும் படிக்கத் தெரியாது, சத்தம்தான் எனக்குப் படிப்பு. சத்தம் கொஞ்சம் மாறினாலும் மணிக் கயிற்றை இழுத்துவிட வேண்டும், மேலேயிருந்து இன்ஜினியர் இறங்கி வருவார். பதினேழு தடவை இழுத்தேன், பதினேழு தடவையும் வந்து பார்த்து, ஒன்றுமில்லை, உனக்குக் காதில்தான் கோளாறு என்று ஏறிப் போனார், எல்லாரும் சிரித்தார்கள். பதினெட்டாவது தடவை தண்ணீர் வருகிற குழாய் அடைத்திருந்தது. இன்னும் கால் மணி போயிருந்தால் பாய்லரும் இல்லை நாங்களும் இல்லை. நெருப்பை அணைத்துவிட்டு அவர் என் தோளில் கை வைத்து, "நீ பதினெட்டு தடவையும் சரியாத்தான்யா இழுத்திருக்கே" என்றார். வெறும் நீராவிக்குப் பதினெட்டு தடவை ஆள் கூப்பிட்டவன், என் மகள் கூப்பிட்டபோது தூங்கு என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவை மன்னித்துக்கொள்.

போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம். ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்திருக்கும் பையில் மேலாகப் போட்டு வை. மாப்பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கண்ட இடத்தில் வைக்காதே என்று சொல், நேரத்துக்குச் சாப்பிடு, மாடிப்படியில் கைப்பிடியை விடாதே. அசைவு மாறியது போல் இருந்தால் மூன்றாம் தடவையானாலும் ஒன்பதாம் தடவையானாலும் உடனே போ. ஒன்றுமில்லை என்று அனுப்பினால் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வா. நீயும் உன் பிள்ளையும் நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும், அம்மாவின் ஆசியும் இதிலேயே சேர்ந்தது.

இப்படிக்கு, உன் அப்பா. கைநாட்டு இரண்டு இடத்தில் இருக்கும், திகைக்காதே. ஒன்று இதன் கீழே. இன்னொன்று மேலே "உடனே போ" என்று எழுதிய இடத்துக்கு நேரே ஓரத்தில், நர்சம்மாவை விரல் வைத்துக் காட்டச் சொல்லி நானே அழுத்தியது, அந்த வார்த்தை அவர் சேர்த்தது இல்லை, நான் சொன்னது என்று உனக்குத் தெரிய வேண்டும்.