ஃபௌண்ட்ரி தெரு வீடும் செத்துப்போன தம்பியும்

ஃபௌண்ட்ரி தெரு,
ஏப்ரல் 11

அன்புள்ள தம்பி ரூடிக்கு,

வெர்னா அக்கா எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும், ஏனென்றால் போன வியாழக்கிழமை நகராட்சியிலிருந்து வந்த பெண்ணிடம் நீ செத்துப்போய்விட்டாய் என்று சொல்லிவிட்டேன்.

உடனே முகத்தைத் தூக்காதே. திட்டம் போட்டுச் சொல்லவில்லை. இரண்டு கையிலும் மாவோடு கதவைத் திறந்தேன். மிஸ் வான்ஸ் என்று பெயர் சொன்னாள், சின்னப் பெண். "வீட்ல பாதி உங்க தம்பி பேர்ல இருக்கே, அவரை எங்கே பார்க்கலாம்?" என்றாள். "பார்க்க முடியாதும்மா, அவன் போய்ச் சேர்ந்துட்டான்" என்று வாய் சொல்லிவிட்டது. "ஐயோ, எப்படி?" என்றாள். "மீன் பிடிக்கப் போன இடத்துல" என்றேன். மீன் வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன் நீ. பொய்யையாவது கொஞ்சம் பொருத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

விஷயம் இதுதான். பழைய பேஸ்பால் மைதானத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டப்போகிறார்கள். டவுனிலிருந்து டிராம் வேறு விடுகிறார்கள். அந்த டிராம் வந்து திரும்பிப்போக ஓர் இடம் வேண்டுமாம். ஒன்று நம் வீடு இருக்கும் இடம், இல்லாவிட்டால் எதிரே மூடிக்கிடக்கும் செங்கல் சூளை. நம் இடம்தான் அவர்களுக்குச் சௌகரியம். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் உன் கையெழுத்து ஒன்று கிடைத்தாலே போதுமாம், பாதி வீடு அவர்களுடையது. மிச்சப் பாதியைக் கோர்ட்டில் வாங்கிக்கொள்வார்களாம். ஜூன் முப்பதுக்குள் உன் கையெழுத்தும் கிடைக்காவிட்டால் சூளைப் பக்கம் போய்விடுவார்கள். அதனால்தான் உன்னைச் சாகடித்தேன்.

கையெழுத்துப் போட்டுவிடாதே ரூடி. இருபத்தொன்பது வருஷமாக அந்த மைதானத்துச் சமையற்கட்டில் சாசேஜ் வறுக்கிறேன். தெருவைத் தாண்டினால் வேலை, தாண்டினால் வீடு. மேட்ச் பார்க்க வருகிறவர்களின் ஆயிரக்கணக்கான கார்களை நம் புல்தரையில் கொடி காட்டி நிறுத்தியிருக்கிறேன், ஒன்றைக்கூட ஓட்டத் தெரியாது. வேறு எங்கே போய் இருப்பேன்?

ஆறு வருஷமாகப் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவளைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். கை வலிக்கிறது. பதில் போடு. செத்தவர்களுக்கு வேலையா வெட்டியா?

உன் அக்கா,
வெர்னா


டல்சா, ஓக்லஹோமா,
ஏப்ரல் 20

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் நகராட்சியின் காகிதமும் வந்தது. நான் செத்த சேதி அங்கே ஒரு மேஜைக்குத்தான் போயிருக்கிறது போலும். கையெழுத்துப் போடுவதாக இருக்கிறேன். பணத்துக்காக அல்ல. அந்தப் புல்தரை தண்டவாளத்துக்கு அடியில் போனால் எனக்கு நிம்மதி.

அப்பாவை அடக்கம் பண்ணிய அன்று அவருடைய தொப்பியை, நம் ஊர் பேஸ்பால் அணி நாரைகளின் தொப்பியை, சவப்பெட்டிக்குள் வைக்கவேண்டும் என்று கோயிலிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்தேன். வண்டியைக் கொல்லையில், சமையலறைக் கதவோரம் நிறுத்தினேன். மாடியில் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் எனக்கு முன்னால் பத்தொன்பது கார். கார்க்காரர்கள் எல்லாரும் மைதானத்துக்குள். மேட்ச் நாள் என்பதால் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸும் சுற்று வழியில் போய்விட்டது. இரண்டரை மைல் ஓடினேன். மண் போட்டு முடித்திருந்தார்கள்.

அதையும் பொறுத்திருப்பேன். நீ எல்லார் முன்னாலும் என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "அப்பாவே நேரத்துக்கு வந்துட்டாரு, நீதான்டா லேட்டு!" அத்தனை பேரும் சிரித்தார்கள்.

ரூடி


ஃபௌண்ட்ரி தெரு,
மே 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்தேன். அதற்கு வருகிறேன். முதலில் உன் சாவு சமாச்சாரம்.

சனிக்கிழமை மிஸ் வான்ஸ் திரும்ப வந்தாள். கையில் அனுதாப அட்டை, அதில் வெள்ளைப் பூ. இன்னொரு கையில் சூடாக ஒரு பெரிய தட்டு, சீஸும் கோழியும் நூடுல்ஸும் போட்டு அடுப்பில் வாட்டியது. அவளே செய்ததாம். பக்கத்து வீட்டு லெஸ்டர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாரு செத்தது வெர்னா?" என்றார். "நம்ம ரூடிதான்" என்றேன். "அப்படியா, போன வாரம்தானே எனக்குப் பிறந்தநாள் அட்டை அனுப்பினான்" என்றார் மனுஷன், அவள் காதுபட. லெஸ்டருக்கு மட்டும் வருஷம் தவறாமல் அட்டை போகிறது என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இருக்கட்டும்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "அடக்கம் எங்கேங்க பண்ணினீங்க?" என்றாள்.

"டல்சாவுல" என்றேன். "ஏசி ரிப்பேர் பண்ணிட்டிருக்கான்."

அவள் சிரிக்கவில்லை. தட்டையும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல பெண். நல்ல ருசி. நீ இன்னொரு தடவை செத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்போது உன் விஷயம். அன்றைக்குச் சீசனின் முதல் மேட்ச். ஆஸ்பத்திரியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "மேட்ச் அன்னிக்கு நான் போயிட்டா கொடியை இறக்கிடாதே. வர்றவங்களைத் திருப்பி அனுப்பாதே." அதனால்தான் லெஸ்டரிடம் கொடியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். நீ நடுவில் தொப்பிக்காக வருவாய் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. உன் வண்டியையும் மேட்ச் பார்க்க வந்த வண்டி என்று நினைத்து, வழக்கம்போல ஒட்டி ஒட்டி நிறுத்திவிட்டார். நீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாடிக்குப் போயிருக்கலாம். சரி, மன்னித்துக்கொள். இருந்தாலும் இரண்டரை மைலை அரை மணியில் ஓடினாயே, நம் நாரைகள் உன்னை அப்போதே ஆட்டத்தில் சேர்த்திருந்தால் அந்த வருஷம் கடைசி இடத்துக்குப் போயிருக்கமாட்டார்கள்.

அக்கா,
வெர்னா


டல்சா,
மே 14

அக்காவுக்கு,

மன்னிப்புக் கேட்கிற வரியை அடுத்து வேறு வரி எழுதாமல் உன்னால் இருக்கமுடியாதா?

ஜூன் இருபதாம் தேதி காகிதத்தைத் தபாலில் சேர்த்துவிடுவேன். இனிமேல் எழுதவேண்டாம்.

ரூடி


ஃபௌண்ட்ரி தெரு,
ஜூன் 2

ரூடி,

எழுதவேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் படி.

கல்லறைத் தோட்டத்து வாசலில் நீ வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். கோட்டைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டு, பேன்ட்டெல்லாம் சேறாக, தொப்பியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடிவந்தாய். அப்போதுதான் கடைசி மண் விழுந்திருந்தது. இன்னும் பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நான்தான் மூத்தவள், நான் சொன்னால் நிறுத்தியிருப்பார்கள். பாதிரியார் என்னைப் பார்த்து, "தம்பி வரட்டுமாம்மா, காத்திருக்கலாமா?" என்று கேட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் குளிரில் நின்றார்கள். "வேண்டாம், ஆரம்பிங்க" என்று சொன்னது நான்.

இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. லெஸ்டரையும் கார்களையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ வந்து என் முன்னால் நின்றாய். அழுதுவிடுவேன் என்று பயம் வந்தால் என் வாய் திறந்துகொள்ளும், உனக்குத் தெரியும். அம்மா செத்த அன்றும் இப்படித்தான். அப்பாவை அடக்கம் பண்ணிய அன்று திறந்த வாயில் வந்ததுதான் அந்த லேட்டு. எல்லாரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை, நான் அதைப் பார்த்தேன். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

என் தப்பு. மன்னித்துக்கொள்.

வீட்டைப் பற்றி இதில் ஒன்றும் கேட்கவில்லை. உன் பாதி உன்னுடையது.

வெர்னா


டல்சா,
ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பாதிரியார் கேட்டதும் நீ சொன்னதும் எனக்கு இதுவரை தெரியாது. படித்தபோது கோபம் வந்தது. மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் ஒரு பல்மருத்துவர் வீட்டுக் கூரைமேல் ஏறி ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நீ சொன்ன அந்த லேட்டு நினைவுக்கு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். அந்த வீட்டு அம்மாள் கீழேயிருந்து, "மேலே என்னப்பா, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?" என்று கேட்டார்.

ஆறு வருஷம் கழித்துத்தான் எனக்கு அது வேடிக்கையாகப் பட்டது. எதிலும் நான் லேட்டுதான்.

நகராட்சிக் காகிதத்தை இருபதாம் தேதியே அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போடவேண்டிய கோட்டில், "உரிமையாளர் மீன் பிடிக்கப் போன இடத்தில் இறந்துவிட்டார், இனி கையெழுத்துப் போட இயலாது" என்று எழுதி, கீழே என் பெயரையும் தேதியையும் போட்டேன். நேற்று மிஸ் வான்ஸ் போன் பண்ணினாள். "சார், இதை நான் மறுப்புன்னு எடுத்துக்கலாமா?" என்றாள். எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "உங்க குடும்பமே இப்படித்தானா சார்?" என்றாள்.

அப்பாவின் தொப்பி என் வண்டியில் முன்கண்ணாடிக்குக் கீழே ஆறு வருஷமாக இருக்கிறது. வெயிலில் வெளுத்துவிட்டது.

தம்பி,
ரூடி


ஃபௌண்ட்ரி தெரு,
ஜூலை 6

என் செத்துப்போன ராசாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது கையில் பீன்ஸ் இருந்தது. உரித்தது உரித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். லெஸ்டர் வேலியைச் சுற்றி ஓடிவந்து, "இப்ப நிஜமாவே யாராவது போயிட்டாங்களா?" என்று பயந்தார். கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தார்.

சூளைப் பக்கம்தான் என்று முடிவாகிவிட்டது. நேற்று மூன்று பேர் வந்து அங்கே மஞ்சள் குச்சி நட்டார்கள். நம் வேலிக்கு வெளியே ஒரு குச்சி நட்டிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அந்த ஓட்டையில் கோழிக்கொண்டை விதை போட்டிருக்கிறேன். நேற்று ராத்திரி ஏழு மணிக்குப் படுத்து இன்று காலை ஏழு மணிக்கு எழுந்தேன். மார்ச் மாதத்துக்கு அப்புறம் நேற்றுத்தான் தூங்கினேன் ரூடி.

டிராம் வந்தால் யாரும் காரில் வரமாட்டார்கள், நம் புல்தரை காலி என்கிறார் லெஸ்டர். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர் பேசுகிற பேச்சா அது? இந்த ஊர்க்காரன் தபால்பெட்டிக்கே காரில் போகிறவன்.

புது மைதானம் திறக்க இரண்டு வருஷம் ஆகும். அன்றைக்கு நீ வரவேண்டும். தொப்பியையும் கொண்டு வா. உன் வண்டிக்கு முன்னால் ஒரு வண்டி போகிற அளவு வழி விட்டுவைப்பேன். அப்பா கேட்டால் திட்டுவார், பரவாயில்லை.

அக்கா,
வெர்னா


(இரண்டு வருஷம் கழித்து, கொல்லையில் நிற்கும் வண்டியின் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் செருகியது)

ஏப்ரல் 9, மாலை

ரூடி,

கல்லறைவரை நடந்து அப்பாவைப் பார்த்துவிட்டு வந்ததும் இதைப் படி. நான் இன்னும் கொஞ்ச நேரம் சாசேஜ் அடுப்பில் நிற்கவேண்டும். புது அடுப்பு, பொத்தான்தான் ஏகப்பட்டது.

இன்று ராத்திரியே டல்சாவுக்குக் கிளம்பவேண்டும் என்றாய். சொன்னபடி உன் வண்டியிலிருந்து தெருவரைக்கும் வழி விட்டுவைத்தேன். எட்டு கார்களைத் திருப்பி அனுப்பினேன். என் வாழ்நாளில் திருப்பி அனுப்பியது அந்த எட்டுதான். ஒருத்தர் ஜன்னலை இறக்கி, "அதோ இடம் இருக்கே, என்னம்மா இது?" என்று கேட்டார். "அது என் தம்பி வழி" என்றேன்.

ஆட்டத்தின் மூன்றாவது சுற்றில் நான் வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் கொடியை லெஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். வழியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் அங்கே ஒரு பச்சைக் காரை நிறுத்தியிருக்கிறார்.

மேட்ச் முடிந்தது. நாரைகள் ஜெயித்துவிட்டார்கள், இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பச்சைக் கார்க்காரர் அந்தச் சந்தோஷத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் புது டிராமில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டு வாசலில் கார் இல்லாததைப் பார்த்து, களவு போய்விட்டதாகப் போலீசில் சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர் ஒருவர் தேடி வந்து காரைக் கண்டுபிடித்துவிட்டார். கார்க்காரர் சாவியை நாளைக்குக் காலையில்தான் கொண்டுவருகிறாராம்.

மாடியில் உன் அறையில் போர்வை மாற்றியிருக்கிறேன். மேஜைமேல் கேக் இருக்கிறது, அதில் போலீஸ்காரர் சாப்பிட்டது போக மிச்சம் உனக்கு.

போலீஸ் வண்டிக்குத் தெருவில் இடம் இல்லை. அதையும் பச்சைக் காருக்கு முன்னால் நான்தான் கொடி காட்டி நிறுத்தினேன். இப்போது அது கிளம்பமாட்டேன் என்கிறது.

அக்கா,
வெர்னா