ஹட்யாய் பெட்ரோல்

லகாட்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நலம். வாட்ஸ்அப்பில் நீங்கள் குரல் பதிவு போட்டே என் வாயை அடைத்துவிடுகிறீர்கள். கடிதத்தின் நடுவில் பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

பீடோர்த் தோட்டத்துப் பழைய ஸ்டோரில் நாம் ஆறு வருடம் கட்டிய விமானத்தை, எல்லை தாண்டி நீங்கள் இருக்கும் ஹட்யாய்க்குக் கொண்டுபோய், இனி அங்கேயே வைத்து ஓட்டப்போவதாகச் சொன்னீர்கள். அங்கே போடப்போவது எத்தனால் கலந்த பெட்ரோல். நம் பெட்ரோல் தொட்டியோ ஃபைபர்கிளாஸ். உள்ளே நம் கையால் பூசிய ரெசின். மீந்த ரெசினில் ஒரு துண்டை, நூற்றுக்கு இருபது எத்தனால் கலந்த பெட்ரோலில் போட்டு, ஊறுகாய்ப் போத்தலில் மூன்று வாரம் மூடி வைத்தேன். நான் பாடம் எடுக்கும் பள்ளியின் ஆய்வகத்தில், லேபல் ஒட்டித்தான். இன்று எடுத்தால் நகம் பதிகிறது. கலப்பில்லாத பெட்ரோலில் கிடந்த துண்டு கல் மாதிரி இருக்கிறது.

இளகிய ரெசின் வடிகட்டியை அடைக்கும். மேலே போன பிறகு அடைக்கும். நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் தங்கை,
தினேஸ்வரி

ஹட்யாய்,
17 பிப்ரவரி

தங்கச்சிக்கு,

ஊறுகாய்ப் போத்தலைக் காட்டிப் பயமுறுத்த வேற ஆளைப் பாருலா! உன் ஃபாரம் சிக்ஸ் பிள்ளைங்க பயப்படும். இஞ்சின் புத்தகத்திலேயே பத்து விழுக்காடு வரைக்கும் போடலாம்னு இருக்கு. இங்க பத்து விழுக்காடும் கிடைக்குது, அதையே ஊத்துறேன், போதுமா? என் காரு எட்டு வருசமா அதுலதான் ஓடுது.

நீ எதைத்தான் நம்பினே? கட்டின மாப்பிள்ளையையும் இப்படித்தான் சோதிச்சு சோதிச்சு அனுப்பி வெச்சே.

லைசன்ஸ் என்கிட்ட. விமானத்துல பாதி என்னுது. மார்ச் எட்டாம் தேதி வாரேன். ஸ்டோர் சாவியை ரெடியா வை.

அண்ணன்,
யுகேந்திரன்

லகாட்,
1 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

இஞ்சின் புத்தகத்தை எழுதியவன் இஞ்சினைச் செய்தவன். தொட்டியைச் செய்தது நீங்களும் நானும். நாம் புத்தகம் எதுவும் எழுதவில்லை. கார் நின்றால் ஓரம் கட்டலாம். பத்து விழுக்காட்டிலும் ஒரு துண்டை ஊறவைத்தேன். ஏழு நாளில் ஓரம் பிசுபிசுக்கிறது.

அவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆமாம், சோதித்தேன். முடிவு சரியாகத்தான் வந்தது.

நேற்று பீடோருக்குப் போனேன். தொட்டியைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, தண்ணீர் நிரப்பிப் பலமுறை கழுவி, ரம்பத்தால் இரண்டாக அறுத்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று, நன்றாகத்தான் கட்டியிருந்தோம். ஆனால் உள்ளே, நான் பூசிய மூலையில் ஒரு கை அகலத்துக்கு ரெசின் உரிந்து நிற்கிறது, நல்ல பெட்ரோலிலேயே. அது என் தவறு. அதோடுதான் போன தீபாவளிக்கு நாம் இருவரும் பறந்தோம்.

பாதி உங்களுடையது என்றீர்கள். பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நான் பூசிய பக்கம்தான். விரலை விட்டுப் பாருங்கள்.

எத்தனால் தாங்கும் தொட்டி, குழாய், கேஸ்கட் எல்லாம் மாற்றிவிட்டுக் கொண்டுபோங்கள். அதுவரை விமானம் தரையில்தான் நிற்கும். கோபத்தில் வராமல் இருந்தாலும் சரி, பத்து வருடம் பேசாமல் இருந்தாலும் சரி. என்னோடு பேசாத அண்ணன் ஒருவர் ஹட்யாயில் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

தினேஸ்வரி