கல் சுட்டது

10 மே 1975, சனி

இன்று மத்தியானம் மயிலாப்பூர் கோயிலில் பிராகாரம் சுற்றும்போது என் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். "ஏட்டி, கல்லு சுடுது!" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

போன வருஷம் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் பாண்டி பஜாரில் நடந்தவர். பாதம் மரத்ததைப் பார்த்துத் தொழுநோய் என்று பேசினார்கள். எங்கள் பாத்திரக் கடைக்கு ஆள் வருவது குறைந்தது. அடையாறு டாக்டர்தான் ரத்தத்தைச் சோதித்தார். ரத்தத்தில் நோயை எதிர்க்க வேண்டிய பொருளே தாறுமாறாகப் பெருகி நரம்பை அரிக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

சாயந்திரம் டாக்டரிடம் போய்ச் சொன்னோம். "சந்தோஷம்மா. ஆனா மாத்திரையை நிறுத்திடாதீங்க. ரத்தத்தை மறுபடி பார்க்கணும்" என்றார். என்ன வருமோ. பார்க்கட்டும்.

பாதத்தில் சின்னக் கொப்புளம். வெண்ணெய் தடவினேன். "எரியுதுட்டி" என்று முனகியபடியே தூங்கிப்போனார். இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்றிருக்கிறது.